ஒன்றுக்கு அப்புறம் பத்து

மணி பதினொன்றரை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறான். நாளைக் காலை பத்து மணிக்கு ரேடியோவில் அவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ராப் ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவன் பேசப்போவது மொத்தமும் தப்பு. அது தப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்தத் தப்பைச் செய்தவள் நான்.

மூன்று வாரமாகத் தெரியும். மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை. யாரிடமாவது கொட்டினால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்றுதான் இந்த வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. ஹோட்டல்களின் துணி வெளுக்கும் லாண்டரியில் பெரிய உருளை மிஷினில் நிற்கிறான். கசங்கிய பெட்ஷீட்டை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காகிதம் மாதிரி தட்டையாக வரும். வீட்டில் அவன் பேசுவது ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. முடி வெட்டுபவர் காதுக்கு மேலே ஏற்றி வெட்டிவிட்டாலும் "சரிங்க" என்று எழுந்து வருவான். "வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று அம்மா கேட்டால் அதற்கும் சிரிப்புதான். ஆனால் ராப் என்று யாராவது ஆரம்பித்தால் அவனை நிறுத்த ஆள் வேண்டும். அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். "ஒம்பதாவது மாடியில மாட்டிக்கிட்டவங்ககூட இவ்வளவு மூச்சு வாங்க மாட்டாங்க, இதப் போய் பாட்டுங்கற" என்பார். அண்ணன் அவருக்குப் பதில் சொல்வதில்லை. அவனுடைய பேச்செல்லாம் லாண்டரிக்கு.

வீடு ஏழு மணி வரைக்கும் பூட்டியிருக்கும் என்பதால் பள்ளிக்கூடம் விட்டு நான் நேராக லாண்டரிக்குப் போய்விடுவேன். டிரையர் அறையில், மடித்த டவல் மூட்டைகள் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம். அங்கே எப்போதும் வெதுவெதுப்பு. ஜன்னலெல்லாம் ஆவி படர்ந்து வெளியே போகிறவர்கள் கரைந்து போகிறவர்கள் மாதிரி தெரிவார்கள். டிரையரின் கண்ணாடிக் கதவுக்குள் வெள்ளைத் துணிகள் ஏறி ஏறி விழும். கொஞ்ச நேரம் பார்த்தால் நாம் எந்த ஊர், எந்தக் கிழமை என்பதே மறந்துவிடும்.

அந்த அறையில்தான் பட்டியல் இருக்கிறது. கதவின் உள்பக்கம், துணியில் குறி போடுகிற பேனாவால் எழுதியது. எங்கள் ஐம்பது ஆல்பங்கள். ஓட்டு நாலு பேருக்கு. நான், அண்ணன், பல் அக்கா, ரெண்டு மாமா.

பல் அக்கா பக்கத்துக் கட்டடத்தில் பல் செட் செய்கிறவள். விரல் நகத்தில் எப்போதும் ரோஸ் மெழுகு ஒட்டியிருக்கும். அவளுக்கு எல்லாமே பல்தான். "மொத ரெண்டு பாட்டுதான் சிரிக்குது. கடைவாய்ப் பல் ஒண்ணுகூட இல்ல. இத வெச்சு என்னத்த மெல்றது?" என்று ஒரு பெரிய ஆளின் ஆல்பத்தைப் பதினேழாம் இடத்துக்குத் தள்ளியவள்.

ரெண்டு மாமா வேன் ஓட்டுகிறவர். ஹோட்டல்களிலிருந்து அழுக்குத் துணியைக் கொண்டுவந்து போட்டு, வெளுத்ததை எடுத்துப் போவார். நாற்பது வயது. எந்த ஆல்பத்துக்கும் முதலிடம் தந்ததில்லை என்பதால் அந்தப் பெயர். எவ்வளவு பிடித்தாலும் "ரெண்டு" என்பார். முதலிடத்துக்கு நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதனால் பட்டியல் தொடங்கிய நாளிலிருந்து ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே வெறும் கதவுதான். ஒரு நாள் பல் அக்கா சண்டைக்கே போனாள்.

"யாருக்காக மாமா அந்த இடத்தக் காலியா வெச்சிருக்கீங்க? பொண்ணு பாக்கறீங்களா?"

"ஒண்ணு குடுத்துட்டா அப்புறம் எதுக்கும்மா கேக்கணும்? வண்டில ரேடியோவக் கழட்டிட்டு ஊதுபத்தி ஏத்தி வெச்சுடலாம்."

"வேகத்துக்கு மார்க் போட்டா 'நாலாம் மாடி'யோட ஆல்பத்துக்கு என்னைக்கோ ஒண்ணு குடுத்திருக்கணும்" என்றான் அண்ணன்.

"வேகமாப் பேசினா பெரிய ஆளா? அப்போ ஏலம் விடறவன்தான் உங்களுக்கெல்லாம் குரு" என்றாள் பல் அக்கா.

"ஏலக்காரன் எதுகை போடறானாக்கா?"

"நாலாம் மாடி போடறானா? பன்னெண்டு பாட்டுல ஒம்போதுல விருந்தாளி வந்து பாடறாங்க. வீட்டுக்காரன் எங்கடான்னு தேட வேண்டியிருக்கு."

ஆல்பம் கேட்பதற்கும் விதி உண்டு. ஒரு டிரையர் ஓடி முடிய ஐம்பத்திரண்டு நிமிடம். சுவிட்சைத் தட்டும்போது பாட்டையும் தட்ட வேண்டும். மணி அடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. அடித்ததும் வயது குறைந்தவரிலிருந்து ஓட்டு. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுச் சின்னவர்கள் ஒத்து ஊதக் கூடாதாம். அதனால் எப்போதும் முதல் ஓட்டு என்னுடையது. பதினாறு வயதில் என் பேச்சுக்கு மூன்று பெரியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் இடம் வேறு எதுவும் எனக்குக் கிடையாது.

இரண்டு மாதம் முன்னால் பல் அக்கா ஒரு சிடி கொண்டுவந்தாள். பல் கட்டிக்கொள்ள வந்த யாரோ இரண்டு நாளைக்குக் கொடுத்தது. ராப்பர் பெயர் கம்பளி. வெளிச் சத்தம் விழாமலிருக்கத் தலை முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிற ஆளாம். ஆல்பம் 'பன்னிரண்டாவது நிறுத்தம்'. அட்டையில் அவ்வளவுதான். பாட்டுகளுக்குப் பெயர்கூட இல்லை.

எங்கள் யாரிடமும் சிடி போடுகிற மிஷின் கிடையாது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தது. நான்தான் வீராப்பாக, "குடுங்க, நான் காப்பி பண்ணித் தரேன்" என்று வாங்கிப்போனேன். பாட்டுகளுக்குப் பெயர் இல்லாததால் 1, 2, 3 என்று பன்னிரண்டு வரை எண் போட்டு பென்டிரைவில் ஏற்றினேன். சிடி திரும்பிப் போய்விட்டது. லாண்டரியின் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிக்குத் திரை கிடையாது, ஒரு நீல விளக்குதான் மினுக்கும். பென்டிரைவைச் செருகினோம். அண்ணன் டிரையரைத் தட்டினான்.

முதல் பாட்டில் ஒருத்தன் வேலை முடிந்து ஷட்டரை இறக்குகிறான். கடைசி பஸ்ஸுக்காக நடக்கிறான். சரி. இரண்டாவது பாட்டில் அவன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான்.

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஏறவே இல்லையே.

மூன்றாவதில் ஈரத் தெருவில் நடக்கிறான். நாலாவதில் வீடு. எல்லோரும் தூங்குகிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுக்கிறான். ஆல்பம் அங்கேயே முடிந்த மாதிரி ஒரு அமைதி. டிரையர் சுற்றுகிற சத்தம் மட்டும்.

அப்புறம் அஞ்சாவது பாட்டு. அவன் பஸ்ஸுக்குள் இருக்கிறான்.

என் கையில் மயிர் கூச்செறிந்தது. நீல விளக்கு எரிகிற பஸ். கண்டக்டர் அவனுடைய பழைய கணக்கு வாத்தியார், டிக்கெட்டுக்குப் பதில் ஏழாம் வாய்ப்பாடு கேட்கிறார். பஸ் தண்ணீர் மேல் போகிறது, அலைகூட எழவில்லை. ஜன்னலோரம் ஒரு சின்னப் பையன், அவனுடைய சட்டையையே போட்டுக்கொண்டு. எட்டுப் பாட்டு முழுக்க அந்தப் பஸ்தான். கடைசிப் பாட்டின் கடைசி வரியில் வாத்தியார் சொல்கிறார்: "இன்னும் தூரம் இருக்கு, தூங்கு." பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. சத்தம் தேய்ந்து தேய்ந்து போய், டிரையர் மணி அடித்தது.

ரெண்டு மாமா ஒரு தலையணை உறையை மடிக்க எடுத்தவர் அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு" என்றேன். யோசிக்காமலே வந்தது.

"ஒண்ணு" என்றான் அண்ணன். பிறகு பேச ஆரம்பித்தான். "நாலாவது பாட்டுலயே அவன் வீட்டுக்கு வந்து தூங்கிட்டான். அதுக்கப்புறம் வரது எல்லாம் கனவு. அதனாலதான் விளக்கு நீலம், அதனாலதான் வாத்தியாரு. ஏறுற பாட்டே கிடையாது பாருங்க. கனவுல நாம பஸ்ல ஏற மாட்டோம், ஏற்கெனவே உள்ள இருப்போம். பேரு பன்னிரண்டாவது நிறுத்தம், ஆனா பன்னிரண்டாவது பாட்டுல வண்டி நிக்கவே இல்ல. தினம் வேலை, தினம் பஸ், தூக்கத்துலகூட இவனுக்கு இறக்கம் இல்ல." அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நெற்றியில் வேர்வை.

"பாவி" என்றாள் பல் அக்கா, யாரை என்று தெரியவில்லை. "ஒண்ணு. முப்பத்திரண்டு பல்லும் இருக்கு."

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் உறையை மடித்து மூட்டை மேல் வைத்தார். "ஒண்ணு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். வேனின் பின்கதவை மூடாமலே கிளப்பிவிட்டார். இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் யாரோ கத்திச் சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எப்படியிருந்தன என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. லாண்டரிக்குள்ளேயே அந்தப் பஸ் ஓடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மாமா வேனில் அதே பென்டிரைவைப் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே சுற்று வழியில் வந்தார். பல் அக்கா பல்லுக்கு மெழுகு உருக்கும்போது தனக்குத் தானே ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள். அண்ணன் நாலு பக்கம் எழுதி ரேடியோவுக்கு அனுப்பினான். வாரா வாரம் ஒரு ரசிகரைக் கூப்பிட்டு ஒரு ஆல்பத்தைப் பற்றிப் பேசவிடுவார்கள். அவர்களிடமிருந்து போன் வந்தது. என் அண்ணன், முடி வெட்டுபவரிடம் வாய் திறக்காதவன், "வரேன்" என்று சொன்னான்.

அதற்கு மறுநாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த ஆல்பத்தைக் கேட்டாள். அவளுக்கு ஏற்றிக் கொடுக்கக் கம்ப்யூட்டர் அறையில் பென்டிரைவைத் திறந்தேன். திரையில் வரிசையாக நின்றது. 1. அதற்குக் கீழே 10. அப்புறம் 11, 12. அதற்கும் கீழேதான் 2.

கம்ப்யூட்டருக்கு முதல் எழுத்துதான் கணக்கு. ஒன்றில் ஆரம்பிப்பதையெல்லாம் ஒன்றாகக் கட்டி முன்னால் வைத்துவிடும். ஸ்பீக்கர் பெட்டியும் அப்படியே பாடியிருக்கிறது. 01, 02 என்று ஒரு சைபர் முன்னால் போட்டிருந்தால் வந்திருக்காது. நான் போடவில்லை.

அன்று சரியான வரிசையில் அம்மாவின் பழைய போனில் ஏற்றிக்கொண்டு கேட்டேன். ஒருத்தன் வேலை முடிந்து பஸ் ஏறுகிறான். தூங்கி வழிகிறான். கண்டக்டர் குரல் வாத்தியார் குரல் மாதிரி இருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கின ரோடு. அப்புறம் இறங்குவான், நடப்பான், வீட்டுக்குப் போய்ப் படுப்பான், அதுதான் ஏற்கெனவே தெரியுமே. கனவு கிடையாது. மண்ணாங்கட்டியும் கிடையாது. பாதியில் கழற்றி வைத்துவிட்டேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். போனேன். அண்ணன் உருளை மிஷின் முன்னால் நின்று, ஒவ்வொரு பெட்ஷீட்டும் வெளியே வரும் நேரத்தில் ஒரு வாக்கியம் என்று பேசிப் பழகிக்கொண்டிருந்தான். "தினம் வேலை, தினம் பஸ்." அந்த முகத்தைப் பார்த்ததும் டவல் மூட்டை மேல் போய் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். நாளை, நாளை என்று மூன்று வாரம்.

இன்று சாயங்காலம் எங்கள் மூன்று பேருக்கும் முழுதாகப் பேசிக் காட்டினான். ஒரு தடங்கல் இல்லை. பல் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தூசிடா" என்றாள். மாமா அவன் தோளில் தட்டி, "அசத்திட்ட. அந்தம்மா சொன்னாங்களே, மறந்துடாத" என்றார்.

"எந்தம்மா?" என்றேன்.

"ரேடியோக்கார அம்மா. மத்தியானம் போன் பண்ணாங்க. கம்பளியும் லைன்ல இருப்பாராம். இவன் பேசி முடிச்சதும் அவர் பேசுவாராம்."

அண்ணன் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

ஊரே கேட்கும். இவன் "ஏறுற பாட்டே கிடையாது" என்பான். அந்த ஆள், "தம்பி, ரெண்டாவது பாட்டே அதுதானே" என்பார். அவ்வளவுதான். அப்புறம் என் அண்ணன் இந்த ஜென்மத்தில் வாய் திறக்க மாட்டான். இப்போது சொன்னால் நாளைக்குப் போகவே மாட்டான், அதுவும் என்னால்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. விளக்கு இன்னும் எரிகிறது. போகிறேன்.

*

மணி மூன்றாகப் பத்து நிமிடம். சொல்லிவிட்டேன்.

கையில் இந்த நோட்டோடு, கதவைத் தட்டாமலே போய் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் அடுக்கிக்கொண்டிருந்தான். நாளைக்குப் போட வேண்டிய சட்டை நாற்காலிக்குப் போட்ட மாதிரி தொங்கியது, மடிப்புக் கலையாமல்.

"தூங்கலையா நீ?"

"ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"யாரையாவது லவ் பண்றியா?"

"அதெல்லாம் இல்ல."

"பெயிலா?"

"இல்லண்ணா. ஒண்ணுக்கு அப்புறம் பத்து வந்துடுச்சு."

அவனுக்குப் புரியவில்லை. அவன் பேனாவை வாங்கி, நாலு பக்கத்தில் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதினேன். 1, 10, 11, 12, 2, 3. பென்டிரைவ், எண், சைபர் எல்லாம் சொன்னேன். அவன் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே வந்தான். இரண்டில் நின்றான்.

"இதுல அவன் பஸ் ஏறுறானா?"

"ஆமா. அஞ்சாவதா கேட்டோமே, அதோட ஆரம்பத்துல ஒரு சத்தம் வருமே. நீ ஏதோ கதவுன்னு சொன்ன. அது பஸ் படி."

"அப்போ கனவு?"

நான் தலையை ஆட்டினேன்.

வெளியே ஏதோ ஒரு வண்டி போய் அதன் வெளிச்சம் கூரையில் ஊர்ந்து மறைந்தது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரம்" என்றான். "நான் பெட்ஷீட் பெட்ஷீட்டாப் பேசிட்டு இருந்தேன். நீ பக்கத்துல டவல் மேல உக்காந்து கேட்டுட்டு இருந்த."

அடித்திருந்தால் தேவலை. அவன் நாலு பக்கத்தையும் சேர்த்துப் பாதியாக மடித்தான், மறுபடி பாதியாக மடித்தான், தலையணை உறையை அழுத்துவது போல உள்ளங்கையால் அழுத்தினான். "போய்ப் படு" என்றான். நான் போகவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் வந்தால் அப்பா எழுந்துவிடுவார் என்று முழங்காலைக் கடித்துக்கொண்டு அழுதேன். போர்வையின் ஒரு முனையை எடுத்து என் மேல் போட்டான், என்னைப் பார்க்காமல்.

பிறகு, "போன எடு. சரியாப் போடு" என்றான்.

இயர்போன் ஒரு காதுக்கு அவன், ஒரு காதுக்கு நான். விளக்கை அணைத்தோம். டிரையர் இல்லாமல் கேட்பது விநோதமாக இருந்தது, யாரோ நம் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைத்த மாதிரி. ஷட்டர். பஸ் படி. தூக்கம் சொக்குகிற கண்ணுக்கு நீலமாகத் தெரிகிற விளக்கு. அண்ணன் அசையவே இல்லை. ஒவ்வொரு நிறுத்தமாக ஆட்கள் இறங்கிப் போனார்கள். எனக்கே கண் செருகியது. ஒன்பதாவது பாட்டு வந்து, "இன்னும் தூரம் இருக்கு, தூங்கு" என்றது. அங்கேதான் எங்களுக்கு ஆல்பம் முடிந்திருந்தது. இப்போது முடியவில்லை. அரை நொடி அமைதி. பத்தாவது ஆரம்பித்தது.

"அண்ணே, இங்க நிறுத்துங்க."

நான் தூக்கிவாரிப் போட்டு விழித்தேன். நூறு தடவை கேட்ட வரி. இரண்டாவது பாட்டாக வந்தபோது அது ஏதோ ஒரு ஆரம்பம், அவ்வளவுதான். இப்போது நாற்பது நிமிடம் பஸ்ஸில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவன், தூங்கு என்று சொல்லியும் கேட்காமல், முதல் தடவையாக வாய் திறக்கிறான்.

*முட்டி மரத்துப் போச்சு, முகவரி மறக்கல*
*மூணு படி எறங்கணும், மூச்சு விடறதுக்குள்ள*

"கேட்டு இறங்கறான்" என்றான் அண்ணன் இருட்டில். விதியை மீறி, பாட்டு ஓடும்போதே பேசினான்.

பன்னிரண்டாவது முடிந்தது. இயர்போனைக் கழற்றினான்.

"நாலு" என்றான்.

"என்ன நாலு?"

"நாலாவது எடம். நல்ல ஆல்பம். பத்தாவது பாட்டுக்காக மூணு குடுக்கலாம்னு பாத்தேன். ஆனா ஏழு, எட்டு ரெண்டும் இழுக்குது. நம்ம வரிசைல அது இழுக்காது. கனவுன்னு நெனச்சுக் கேக்கறப்போ இழுக்கறதுதான் அழகு."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அப்போ ஒண்ணு?"

"ஒண்ணு நாம கேட்டதுதான். அது மாறாது."

"அப்படி ஒரு ஆல்பமே இல்லண்ணா."

"நாலு பேர் கேட்டோமே. ரெண்டு மாமா வண்டிக் கதவ மூட மறந்தாரே. எப்படி இல்லாமப் போகும்?"

விளக்கைப் போட்டான். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சாயங்காலம் இருந்த அந்த வேர்வை இல்லை. நாளைக்குப் போக வேண்டாம், உடம்பு சரியில்லை என்று நானே ரேடியோவுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. என் வேதியியல் நோட்டிலிருந்து புதுத் தாள் ஒன்றைக் கிழித்தான். நல்லவேளை, முன்பக்கத்திலிருந்து.

"கம்பளிகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கப்போற?"

"இந்த வரிசைல ஏன் வெச்சீங்கன்னு. ஒரே ஒரு தடவ எங்க வரிசைல கேட்டுப் பாருங்கன்னு. ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, அப்புறம் ரெண்டு. எதிர்க்க ஒரு டிரையர் ஓடினா இன்னும் நல்லதுன்னு."

"அவரோட ஆல்பத்த அவர்கிட்டயே தப்புன்னு சொல்லப்போறியா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நாலாவது எடம்னு சொல்றேன்."

"ரேடியோல?"

"வேற எங்க? அவர் வீடு எனக்குத் தெரியுமா?"

இதற்கு அவன் ஏமாந்துபோய் நிற்பதே பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அவன் எழுத ஆரம்பித்துவிட்டான். இரண்டு வரி எழுதி நிமிர்ந்தான்.

"மாத்தினது யாருன்னு கேப்பாரு."

"சொல்லிடாதண்ணா."

"நான் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"நீதான் சொல்லப்போற. ஒம்பதரைக்குக் கிளம்பணும், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிடு."

மாட்டேன் என்றேன். கெஞ்சினேன். எனக்குக் குரல் நடுங்கும், என் வகுப்பே கேட்கும், பல் அக்காவும் மாமாவும் இனிமேல் என் முதல் ஓட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்றேன். "பிடுங்கட்டும். வாதாடி வாங்கு" என்றான். மூணு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு வேறு என்ன தண்டனை வேண்டும் என்று நீயே சொல்லு என்றான்.

மேஜை மேல் கிடந்த சீப்பை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டான். ரேடியோக்கார அம்மாவின் குரலில் பேச முயன்றான், சளி பிடித்த மாதிரி வந்தது.

"நேயர்களே, இன்னைக்கு நம்மகூட ஒரு லாண்டரித் தொழிலாளியும் அவரோட தங்கச்சியும் வந்திருக்காங்க. லைன்ல கம்பளி இருக்கார். சொல்லுங்கம்மா, அந்தப் பாட்டையெல்லாம் மாத்திப் போட்டது யாரு?"

சீப்பு என் பக்கம் வந்தது. அதன் பற்களில் அவனுடைய முடி ஒன்று சிக்கியிருந்தது. ரேடியோ கேட்கிற அத்தனை வீடுகளும் அந்தச் சீப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"வணக்கம்" என்றேன். "நான்தான்."

பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுத்து இருமினார்.

"சத்தமா" என்றான் அண்ணன்.